வேறொருவர் பெயரில் வாழும் இளையவர்களை எழுதுவது எப்படி: ஃபேன்டசி கதைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வேறொருவருடைய பெயரில் ஒரு பிள்ளை மந்திரக் கோட்டைக்குள் நுழைகிறது, மாட்டிக்கொள்ளாமல் வித்தை கற்கிறது, கடைசியில் தான் யார் என்று தெரிந்துகொள்கிறது. கேட்டவுடன் எழுத உட்காரத் தோன்றும் கதை. நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். 180 பக்கம் எழுதியபின், நாயகனைப் பிடித்துக்கொடுக்கவும் முடியாமல் தப்பவிடவும் முடியாமல் அப்படியே மூடி வைத்தேன். அடுத்ததை எப்படியோ முடித்தேன். முடித்த தைரியத்தில் இப்போது புதிதாக எழுதுகிறவர்களின் வரைவுகளைப் படித்துக் கருத்தும் சொல்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

நன்றாக எழுதத் தெரிந்தவர்களும் விழுகிறார்கள், ஏனென்றால் சிக்கல் வரிசையில் இருக்கிறது. வேடத்தை முதலில் கற்பனை செய்துவிட்டு அதற்குள் ஆளைத் தேடுகிறார்கள். கீழே உள்ள படிகளை எழுதியிருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள். மூன்றாவதை முதலில் செய்தால் ஒன்றாவதைச் செய்யும்போது எல்லாவற்றையும் கிழித்துப்போட வேண்டிவரும், நான் கிழித்திருக்கிறேன்.

விளக்குவதற்கு ஒரே கதையைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம். மருதன், 14 வயது, ஓடக்காரரின் மகன். ஒரு வெள்ள இரவில் ஓடம் கவிழ்கிறது. அதில் வந்த ஆதிரன் என்ற பிரபு வீட்டுப் பையனை நீர் கொண்டுபோகிறது, அவனுடைய சேர்க்கை ஓலை மட்டும் மருதன் கையில் மிஞ்சுகிறது. காற்றை முடிச்சில் கட்டக் கற்றுத்தரும் கோட்டைக்கு, ஆதிரன் என்ற பெயரில், மருதன் போகிறான்.

## 0. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று தாள் போதும். முதல் தாளில், வேடம் போடுவதற்கு முந்தைய ஒரு சாதாரண நாள்: எப்போது எழுகிறான், யாரைப் பார்த்துப் பயப்படுகிறான், எதைச் செய்யும்போது நேரம் போவது தெரியாமல் இருக்கிறான். இது கதையில் வராமலே போகலாம். ஆனால் இல்லாமல் எழுதினால், வேடத்துக்கு அடியில் ஆளே இல்லாத கதை வரும்.

இரண்டாவது தாளில் உங்கள் உலகத்தின் மாய விதி, மூன்று வரிக்குள். மூன்று வரியில் அடங்காத விதியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார். நினைவில் இல்லாத விதி மீறப்பட்டால் அவருக்குப் பதற்றமும் வராது.

மூன்றாவது தாளில் கோடு மட்டும் போட்டு வையுங்கள், ஏழாம் படியில் தேவைப்படும்.

வரைபடம், வம்சாவளி, 500 ஆண்டு அரச வரலாறு எதுவும் இப்போது வேண்டாம். அவற்றில் மூழ்கியவர்கள் முதல் அத்தியாயத்துக்கே வந்து சேருவதில்லை.

## 1. இரண்டு ரகசியங்களையும் தனித்தனியாக எழுதுங்கள்

இந்த வகைக் கதையில் எப்போதும் இரண்டு ரகசியங்கள் இருக்க வேண்டும். ஒன்று, பாத்திரம் மற்றவர்களிடமிருந்து மறைப்பது. இன்னொன்று, தன்னிடமிருந்தே மறைப்பது.

மருதன் ஊரிடம் மறைப்பது எளிது: நான் ஆதிரன் இல்லை. தன்னிடம் மறைப்பது வேறு. அந்த இரவில் ஆதிரனின் கை அவன் கையில்தான் இருந்தது. நழுவியதா, விட்டுவிட்டானா என்று அவனுக்கே தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. தான் ஆதிரனாக இருக்கும்வரை ஆதிரன் சாகவில்லை, அவ்வளவுதான் அவன் கணக்கு. இப்போது பாருங்கள், வேடம் வெறும் தப்பிக்கும் வழியாக இல்லை, அவன் அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறான்.

இரண்டையும் ஒவ்வொரு வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டு வாக்கியமும் ஒரே விஷயத்தைச் சொன்னால் உங்களிடம் ஒரு ரகசியம்தான் இருக்கிறது, கதை பாதியில் நின்றுவிடும். முதல் ரகசியம் கதையை ஓட வைக்கும். அந்த ஓட்டத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது என்று வாசகருக்குப் படவைப்பது இரண்டாவது.

இங்கே வரும் பெரிய தவறு: இரண்டாவது ரகசியமாகப் பிறப்பு ரகசியத்தைப் போடுவது. "நீ உண்மையில் அரசரின் மகன்" என்று ஒரு கிழவர் வந்து சொல்வார். அது தகவல். அடுத்தவர் சொல்லித் தெரிந்துகொள்வதைத் தன்னை அறிதல் என்று சொல்ல முடியாது. கர்ணனை நினைத்துப் பாருங்கள். நீ குந்தியின் மகன் என்று கண்ணன் வந்து சொல்கிறான், அப்புறம் குந்தியே வந்து சொல்கிறாள். கதை அந்தச் செய்தியில் இல்லை. தெரிந்த பின்னும் துரியோதனனை விட்டு வரமாட்டேன் என்கிறானே, தான் யார் என்பதை அந்த மறுப்பில்தான் அவன் சொல்கிறான். பிறப்பு ரகசியம் வேண்டுமென்றால் தாராளமாக வையுங்கள். ஆனால் அதை வைத்து உங்கள் பாத்திரம் என்ன முடிவெடுக்கிறது என்பதும் உங்களிடம் தயாராக இருக்க வேண்டும்.

## 2. வேடத்தை அவர்களுடைய காயத்திலிருந்து எடுங்கள்

இப்போதுதான் வேடம். எது சுவாரசியமாக இருக்கும் என்று யோசிக்காதீர்கள். இந்தப் பிள்ளைக்கு எது வலிக்கும், எது இழுக்கும் என்று யோசியுங்கள்.

விராட நகரில் பாண்டவர்கள் போட்ட வேடங்கள் இதற்கு நல்ல பாடம். சூதாட்டத்தில் நாட்டைத் தோற்ற தருமன், கங்கன் என்ற பெயரில், அரசனோடு சூதாடும் தோழனாகவே போகிறான். சாப்பாட்டுப் பிரியனான பீமன் மடைப்பள்ளிக்குப் போகிறான். யாரும் தனக்குச் சம்பந்தமில்லாத வேடத்தை எடுக்கவில்லை. ஒவ்வொன்றும் அந்த ஆளின் பழைய புண்ணிலோ பழைய ஆசையிலோ போய் ஒட்டுகிறது. அதனால்தான் அந்த வேடத்தில் அவர்கள் செய்யும் சின்ன வேலைகூட நம்மை உறுத்துகிறது. காயைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் தருமனுக்கு என்ன நினைவு வந்திருக்கும்?

வேடம் முடிவானதும் அதை மூன்று கேள்வியால் தட்டிப் பாருங்கள். வேறு வழி உண்மையிலேயே அடைபட்டிருக்கிறதா? மாட்டினால் என்ன போகும், அளந்து சொல்ல முடியுமா? (அஞ்ஞாதவாசத்தில் கண்டுபிடிக்கப்பட்டால் மறுபடி 12 ஆண்டு காடு. அளவு தெளிவாக இருப்பதால்தான் கடைசி நாட்களில் நமக்கு வயிறு கலங்குகிறது.) மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்: இந்தப் பொய்க்கு வேறு யார் விலை கொடுக்கிறார்கள்? ஆதிரனின் தாய் மகன் படித்துக்கொண்டிருக்கிறான் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். அவள் ஒருத்தி போதும், மருதனின் சாகசத்தில் ஒரு முள் ஏறிவிடுகிறது.

சும்மா ஆசைக்காக வேடம் போட்டால் ஆகாதா என்று கேட்பார்கள். நகைச்சுவைக் கதை என்றால் ஆகும். மற்றபடி, எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடக்கூடிய முகமூடிக்காக வாசகர் பக்கம் புரட்ட மாட்டார்.

## 3. மாய விதியையும் வேடத்தையும் முட்டவிடுங்கள்

உங்கள் கதையிலிருந்து மாயத்தை எடுத்துவிட்டாலும் ஆள்மாறாட்டம் அப்படியே நடக்குமானால், அது ஃபேன்டசி உடை போட்ட சரித்திரக் கதை. ஆகவே விதியும் வேடமும் ஒரே புள்ளியில் மோத வேண்டும்.

நம் கோட்டையின் விதி: காற்றைக் கட்டும்போது கட்டுகிறவர் தன் பெயரைச் சொல்ல வேண்டும், பெயர் பொய்யானால் முடிச்சு அவிழும். இந்த ஒரே விதியை மூன்று கட்டமாக நகர்த்தலாம். முதலில், எல்லோர் முன்னும் "ஆதிரன்" என்று சொல்கிறான், முடிச்சு அவிழ்கிறது, மண்டு என்ற பெயர் வருகிறது. அப்புறம், மூச்சுக்குள் "மருதன்" என்று முணுமுணுக்கப் பழகுகிறான், முடிச்சு நிற்கிறது, ஆனால் பக்கத்தில் நிற்பவன் காது கூர்மையானவன். கதையின் நடுவில் ஒரு நாள் அவசரத்தில் "ஆதிரன்" என்றே சொல்லிவிடுகிறான், முடிச்சு நிற்கிறது. அன்று இரவு அவனுக்குத் தூக்கம் வராது. மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தைவிட, மாட்டிக்கொள்ளவே தேவையில்லாமல் போய்விடுமோ என்ற பயம் பெரிது.

பெயரையே மாயத்தின் சாவியாக வைப்பது பழைய உத்திதான். ஊர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய எர்த்சீ நாவலில் ஒவ்வொருவருக்கும் ஊர் கூப்பிட ஒரு பெயரும், மிக நெருங்கியவர்களுக்கு மட்டும் தெரிந்த மெய்ப்பெயரும் உண்டு. மெய்ப்பெயர் தெரிந்தவருக்கு உங்கள்மேல் அதிகாரம் வந்துவிடும். அதனால் ஒருவர் தன் பெயரைச் சொல்வதே அங்கே பெரிய நம்பிக்கையின் செயல் ஆகிறது. அங்கிருந்து கற்க வேண்டியது இதுதான்: ஒரு விதி நல்ல விதியா என்று பார்க்க, அது சாதாரண உரையாடலைக் கனமாக்குகிறதா என்று பாருங்கள். பெயரை எடுத்து அப்படியே ஒட்டாதீர்கள். நிழல், குரல், கைரேகை, கனவு, உங்கள் உலகத்துக்கு எது பொருந்துமோ அது.

செய்யக் கூடாதவை இரண்டு. முகத்தையே மாற்றிவிடும் தாயத்து ஒன்று. கழுத்தில் மாட்டியவுடன் வேலை முடிந்தது என்றால் அவனுக்கு அன்றாட உழைப்பு எதுவும் மிச்சமில்லை, உங்களுக்கு எழுதவும் எதுவும் மிச்சமில்லை. இன்னொன்று, பொய்யைக் கண்டுபிடிக்கும் கண்ணாடியையோ கல்லையோ கோட்டை வாசலில் வைத்துவிட்டு, நாயகன் வரும் நாளில் மட்டும் அது வேலை செய்யாமல் போவது. வாசகர் மன்னிக்கவே மாட்டார்.

## 4. பெயர், விகுதி, மரியாதை: மொழி காட்டிக்கொடுக்கும் இடங்கள்

இந்தப் படியைத் தனியாகவும் நீளமாகவும் சொல்கிறேன், ஏனென்றால் தமிழில் எழுதுகிறவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். மொழிபெயர்ப்பில் படித்துப் பிடித்துப்போன உத்திகள் பல நம்மிடம் செல்லாது.

பெண் ஆண் வேடத்தில் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். "வந்தாள்" என்று எழுதிய கணமே முடிந்தது. "வந்தான்" என்று எழுதினால் பொய். எழுவாயை மறைத்துவிட்டாலும் வினைமுற்று வாயைத் திறந்துவிடும். ஆகவே முதல் வாக்கியத்துக்கு முன்பே முடிவெடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்து நான்கு வழி.

கதைசொல்லி உண்மையின் பக்கம் நிற்பது ஒன்று. கதைசொல்லி "அவள்" என்பார், உரையாடலில் மற்றவர்கள் "தம்பி" என்பார்கள். வாசகர் ரகசியத்தில் பங்காளி ஆகிவிடுகிறார். ஒவ்வொரு "தம்பி"யும் ஒரு சின்னத் துடிப்பைக் கொடுக்கும். முதல் நாவல் எழுதுகிறவர்களுக்கு இதையே சொல்வேன்.

கதைசொல்லி வேடத்தின் பக்கம் நின்று, குட்டு உடையும் வாக்கியத்தில் விகுதியை மாற்றுவது இன்னொன்று. "திரும்பினான்" என்று 200 பக்கம் ஓடிய கதையில் முதல் முறையாக ஒரு "திரும்பினாள்". சரியாக அமைந்தால் இதற்கு நிகர் கிடையாது. ஆனால் முதலிலிருந்து மறுபடி படிப்பவருக்கு எல்லா வரியும் வேறு அர்த்தத்தில் பொருந்த வேண்டும், இல்லையென்றால் ஏமாற்றப்பட்டோம் என்று புத்தகத்தை வீசுவார்.

தன்மையில் எழுதுவது மூன்றாவது. "வந்தேன்" என்பதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. வசதியாகத் தோன்றும். ஆனால் அடுத்தவர் வாயில் வரும் "டா", "டி", "அம்மா" எல்லாம் காவல் காக்க வேண்டியவை. ஒரு நண்பரின் வரைவில் 90 பக்கம் கவனமாக மறைத்த ரகசியத்தை ஒரு "ஏன்டி" போட்டு உடைத்துவிட்டார், அதுவும் கதையில் யாருக்கும் உண்மை தெரியாத கட்டத்தில்.

நான்காவது, பிள்ளை, குழந்தை என்று அஃறிணை முடிவில் ஓட்டுவது. இந்தக் கட்டுரையின் முதல் வாக்கியத்தில் நான் செய்தது அதுதான். ஒரு பத்திக்குத் தாங்கும். 14 வயது ஆளை நாவல் முழுக்க "பிள்ளை நினைத்தது" என்று எழுதினால் வாசகருக்குப் பல் கூசும்.

பால் மாறாத வேடத்திலும் தப்பிக்க முடியாது, மரியாதை காத்திருக்கிறது. மருதன் பெரியவர்கள் எல்லோரையும் "நீங்கள்" என்று சொல்லி வளர்ந்தவன். ஆதிரனாகிவிட்டால் சமையல் கூடத்தில் வேலை செய்யும் முதியவரை "நீ" என்று அழைக்க வேண்டும். முதல் நாள் அவர் "ஐயா, தண்ணீர் வேண்டுமா" என்று கேட்கும்போது இவன் நாக்கில் "தாத்தா" வந்து நிற்கிறது. அதை விழுங்குகிறான். முழு நாவலின் வலியையும் அந்த ஒரு விழுங்கலில் வைக்கலாம். முறைச்சொல், விளி, "வா" என்பதா "வாருங்கள்" என்பதா, இவை நம் மொழி இலவசமாகத் தரும் கருவிகள். பயன்படுத்தாமல் "அவன் இதயம் வேகமாகத் துடித்தது" என்று எழுதுவது வீண்.

தொழிற்சொற்களும் அப்படித்தான். காற்று மாறும்போது மற்ற மாணவர்கள் வகுப்பில் கற்ற சொல்லைச் சொல்வார்கள். இவன் தன்னை அறியாமல் ஓடக்காரர்களின் சொல்லைச் சொல்லிவிடுவான். சந்தேகத்துக்கு இதைவிட நல்ல விதை கிடையாது.

கடைசியாக, கதைசொல்லி அவனை எந்தப் பெயரால் அழைக்கப்போகிறார் என்று முதல் தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் ஆதிரன், நான்கில் மருதன், ஐந்தில் மறுபடி ஆதிரன் என்று வந்தால், அது கலை என்று நீங்கள் சொன்னாலும் மறதி என்றுதான் படிக்கப்படும்.

## 5. ஒரு சாதாரண நாளை எழுதிப் பாருங்கள்

மாட்டிக்கொள்ளும் காட்சிகளுக்கு முன்னால், எதுவுமே நடக்காத ஒரு நாளை வேடத்தோடு எழுதுங்கள். குளிப்பது எங்கே, தூக்கத்தில் பேசுவானா, உள்ளங்கையில் துடுப்புக் காய்ப்பு இருக்கிறதே அதற்கு என்ன சொல்லிவைத்திருக்கிறான், ஆதிரனின் தாயிடமிருந்து மடல் வந்தால் எந்தக் கையெழுத்தில் பதில் எழுதுவான்.

காரணம் எளிது. பொய் சொல்வது ஒரு நிமிட வேலை, அதைப் பராமரிப்பது நாள் முழுக்க வேலை. அந்த அலுப்பு தெரிந்தால்தான், பின்னால் ஒருவரிடம் உண்மையைச் சொல்லும்போது வரும் நிம்மதி வாசகருக்கும் வரும்.

எழுதியதில் இரண்டு மூன்று விவரத்தை மட்டும் கதைக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதைத் தள்ளிவிடலாம். தினமும் குளியல் பிரச்சினையை எழுதினால் மூன்றாவது தடவை சிரிப்பு வந்துவிடும்.

## 6. வேடம் அவனுக்கு எதையாவது கொடுக்க வேண்டும்

புதியவர்கள் வேடத்தைச் சுமையாக மட்டும் எழுதுகிறார்கள். பயம், பொய், குற்ற உணர்வு, மறுபடி பயம். 50 பக்கத்துக்குமேல் யாராலும் தாங்க முடியாது, எழுதுகிறவராலும்.

வேடம் ஒரு அனுமதிச் சீட்டு. மருதனாக இருந்தபோது கூட்டத்தில் கையைத் தூக்கிக் கேள்வி கேட்டதில்லை. ஆதிரனாகக் கேட்கிறான், ஏனென்றால் ஆதிரன் கேட்பான் என்று நினைக்கிறான். கேள்வி நல்ல கேள்வி. அதைக் கேட்டது யார்? இந்தக் குழப்பம்தான் தன்னை அறிதலின் முதல் படி. பொய்ப் பெயரில் செய்த உண்மையான காரியங்களை அவன் எண்ணத் தொடங்கும்போது கதை தானாக ஆழம் எடுக்கும். ஆகவே குறைந்தது ஒரு காட்சியிலாவது அவன் வேடத்தில் மகிழ்ச்சியாக இருக்கட்டும், கொஞ்சம் வெட்கம் கெட்ட மகிழ்ச்சியாகவே இருக்கட்டும்.

முகமூடி எதிர்த்திசையிலும் வேலை செய்யும். விராடனின் மகன் உத்தரகுமாரன் யார் பெயரையும் திருடவில்லை, வீரன் என்ற வேடத்தை வாயாலேயே போட்டுக்கொண்டவன். தேரோட்டி மட்டும் கிடைத்தால் கௌரவர்களை ஒரு கை பார்ப்பேன் என்று அந்தப்புரத்தில் அளக்கிறான். படையைக் கண்டதும் தேரிலிருந்து குதித்து ஓடுகிறான். அவனைத் துரத்திப் பிடிப்பவன் பிருகன்னளை வேடத்தில் இருக்கும் அர்ச்சுனன். ஒரு வேடம் அங்கேயே கிழிகிறது, இன்னொன்று வன்னி மரத்தடியில் கழற்றப்படுகிறது, கடைசியில் ஓடியவன் தேரை ஓட்டுகிறான், அதுவும் நன்றாகவே ஓட்டுகிறான். உங்கள் கதையிலும் நாயகனுக்குப் பக்கத்தில் இப்படி ஒருவரை நிறுத்துங்கள்: சொந்தப் பெயரிலேயே பொய்யாக வாழும் ஒருவர். நாயகனின் பொய் மட்டுமே பொய் இல்லை என்பது வாசகருக்குச் சொல்லாமலே புரியும்.

## 7. யாருக்கு என்ன தெரியும்: அந்த மூன்றாவது தாள்

கோடு போட்டு வைத்த தாளை எடுங்கள். இடப்பக்கம் பாத்திரங்கள், மேலே அத்தியாய எண்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த ஆளுக்கு எவ்வளவு தெரியும்: ஒன்றுமில்லை, சந்தேகம், பாதி, முழுதும். வாசகருக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

இந்தத் தாள் இல்லாமல் எழுதியவர்களின் வரைவில் ஆறாம் அத்தியாயத்தில் உண்மை தெரிந்துகொண்ட தோழி எட்டாம் அத்தியாயத்தில் மறுபடி அதிர்ச்சி அடைவாள். நான் இரண்டு முறை பார்த்துவிட்டேன், அதில் ஒன்று என்னுடையது.

சந்தேகப்படுபவரை முட்டாளாகவோ வில்லனாகவோ ஆக்காதீர்கள். ஆதிரனைச் சின்ன வயதில் பார்த்த ஒரு மாணவன் இருக்கட்டும். அவனுக்கு ஆதிரனைப் பிடிக்கும், அதனால்தான் இந்த ஆள் சரியில்லை என்று தோன்றுகிறது. நல்ல காரணத்துக்காகத் துருவுகிறவரைக் கண்டு வரும் பயம், கெட்டவரைக் கண்டு வருவதைவிட நீடிக்கும்.

## 8. குட்டு உடையும் வரிசை

மூன்று முறை உடைய வேண்டும்: தன்னிடம், ஒருவரிடம், எல்லோரிடமும். பெரும்பாலும் அந்த வரிசையில். சபை நடுவில் முதலில் உடைந்துவிட்டால் அதன்பின் வரும் உள்மனக் காட்சிகள் எல்லாம் ஆறிப்போன கஞ்சி. வாசகர் "அதுதான் தெரியுமே" என்பார்.

முடிச்சு நின்ற இரவில் மருதன் முதன்முறையாகத் தனக்கே அந்த ஆற்றை நினைத்துப் பார்க்க அனுமதி கொடுக்கிறான். சில நாள் கழித்து அந்தச் சந்தேகக்கார நண்பனிடம், கேட்காமலே, சொல்கிறான். கோட்டை முழுதுக்கும் தெரிவது அதற்குப் பின்தான், அப்போது அவனுக்கு ஓடவும் தோன்றுவதில்லை.

எதனால் உடைகிறது என்பது எப்போது என்பதைவிட முக்கியம். தற்செயலாக யாரோ பெட்டியைத் திறந்து ஓலையைப் பார்த்துவிடுவது சோம்பேறித்தனம். நீலச் சாயத்தில் விழுந்த நரியை நினைத்துக்கொள்ளுங்கள்: யாரும் துப்பறியவில்லை, மற்ற நரிகள் ஊளையிட்டபோது அதுவும் ஊளையிட்டது, அவ்வளவுதான். கர்ணனை இன்னும் ஒரு படி மேலே வைக்கலாம். அந்தணன் என்று சொல்லிப் பரசுராமரிடம் வில் கற்கிறான். குரு அவன் மடியில் தலைவைத்துத் தூங்கும்போது வண்டு தொடையைத் துளைக்கிறது, அவர் விழித்துவிடக் கூடாதே என்று அசையாமல் இருக்கிறான். இரத்தம் பட்டு விழித்த குரு, இவ்வளவு வலியை ஓர் அந்தணனால் பொறுக்க முடியாது என்கிறார். பொய்யைக் காட்டிக்கொடுத்தது அவனுடைய குருபக்தி. அவனிடம் இருந்த மிக நல்ல குணமே அவனை மாட்டிவிட்டது.

உங்கள் பாத்திரத்தின் மிக நல்ல குணம் எது என்று முதல் தாளில் தேடுங்கள், குட்டை அதை வைத்து உடையுங்கள். மருதன் ஓடக்காரன் மகன். கோட்டைக்குக் கீழே ஓடத்தில் யாரோ தத்தளித்தால் அவனால் சும்மா நிற்க முடியாது. குதிப்பான். பிரபு வீட்டுப் பையன் எவனும் அப்படி நீந்த மாட்டான் என்பது கரையில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். கூடவே, இந்த முறை அவன் ஒரு கையைப் பிடித்திருக்கிறான், விடவில்லை. இரண்டு ரகசியமும் ஒரே செயலில் முடிகின்றன. இப்படி அமையாவிட்டால் முதல் படிக்குத் திரும்பிப் போய் ரகசியங்களை மாற்றுங்கள், கிளைமாக்ஸை இழுத்து ஒட்டாதீர்கள்.

## 9. மறுநாள் காலை

குட்டு உடைந்த அத்தியாயத்தோடு நிறுத்துகிறவர்கள் அதிகம். அடுத்த நாள் காலையையும் எழுதுங்கள். யார் அவனோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், எந்தப் பெயரால் கூப்பிடுகிறார்கள், பழக்கத்தில் "ஆதிரா" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்பவர் யார்.

"மீண்டும் பழைய மருதனாகிவிட்டான்" என்று மட்டும் முடிக்காதீர்கள். ஓராண்டு வேறொருவனாக இருந்தவன் பழைய ஆளாக ஆக முடியாது. வேடத்திலிருந்து ஒன்றையாவது அவன் வைத்துக்கொள்ள வேண்டும், ஒன்றையாவது திருப்பிக் கொடுக்க வேண்டும். கேள்வி கேட்கும் பழக்கத்தை வைத்துக்கொள்கிறான். ஓலையை ஆதிரனின் தாயிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறான். அந்தக் காட்சியில் மன்னிப்பு வேண்டாம் என்பது என் கட்சி. அவள் கதவைத் திறந்துவைத்தாலே அதிகம்.

## 10. திருத்தும்போது

முதல் வரைவை இரண்டு வாரம் மூடி வைத்துவிட்டு எடுங்கள். மூன்று தனித்தனி வாசிப்பு, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் திருத்த முயன்றால் எதுவும் சரியாக வராது.

ஒரு வாசிப்பு விகுதிக்கும் விளிக்கும் மட்டும். சத்தமாகப் படியுங்கள், கண் தவறவிடுவதைக் காது பிடிக்கும். இன்னொன்று மூன்றாவது தாளோடு: ஒவ்வொரு உரையாடலிலும் பேசுபவருக்கு அப்போது என்ன தெரியும் என்று சரிபாருங்கள். கடைசி வாசிப்பில் சிவப்புப் பேனாவை எடுத்து "நான் உண்மையில் யார்", "என் முகம் எது" என்கிற மாதிரி வாக்கியங்களை எல்லாம் கோடு போட்டு அடியுங்கள். என் வரைவில் அப்படி 23 இருந்தன. 22 போயின. மிச்சம் ஒன்றைச் சமையல் கூடத்து முதியவர் வாயில் போட்டேன், அவர் மருதனைப் பார்த்து, "நீ யாருப்பா?" என்று சாதாரணமாகக் கேட்கிறார், அடுப்பை ஊதிக்கொண்டே.